பெட்டிக்குக் கேட்காத ‘ம்’

ஒருவர் சும்மா இருப்பதற்கும், நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? அதை ஒரு பெட்டிக்கு எப்படிப் புரியவைப்பது?

பொறியியல் படித்தவள் நான். அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருந்தும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. எதற்கும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நானும் என் கணவரும் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு வந்து மனோர் பார்க் என்ற பகுதியில் குடியிருக்கிறோம். மகப்பேறு விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது எங்கள் நிறுவனம் வீட்டிலிருந்தே பார்க்கும்படியான வேலை ஒன்றைக் கொடுத்தது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிகளை இங்கே ஒவ்வொன்றாக அகற்றி வருகிறார்கள் அல்லவா? சின்னக் கடைகளின் தொலைபேசிகளை இணையத்தின் வழியாகப் பேசவைக்கும் பெட்டிகளைப் பொருத்தி, அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று திரையில் கண்காணிப்பதுதான் அந்த வேலை. ஒரு கண் திரையில், ஒரு கண் மகள்மேல். அவளுக்கு அப்போது ஒரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வாழைப்பழம் தவிர எதையும் விழுங்க மாட்டாள்.

என் பொறுப்பில் இருந்த கடைகளில் ஒன்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் கேட்டரிங். சமையல்கூடமும் ஆர்டர் மேசையும் ஃபாரஸ்ட் கேட்டில். குட்மேய்ஸில் ஒரு கிளை. உரிமையாளரை ஊரே அண்ணை என்கிறது, நான் அண்ணா என்பேன். ஆர்டர் மேசையில் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், கார்டிகனுக்கு மேல் ஏப்ரன் கட்டியிருப்பார். எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கச்சான், அதாவது வேர்க்கடலை, ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தொலைபேசி எடுப்பது அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

கடையின் இணைய இணைப்பு மெலிந்தது. கேமராக்கள், கார்டு மெஷின், தொலைபேசிகள் எல்லாம் அதிலேயே போக வேண்டும். அதனால்தான் குரலைச் சுருக்கி அனுப்பும் பெட்டி வைத்தோம். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். பேச்சைத் துண்டு துண்டாக்கி, காது கவனிக்காததைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதியை இறுக்கிக் கட்டி அனுப்பும். மறுமுனையில் அவிழ்த்து ஒட்டும்போது ஒட்டுத் தெரியாது.

அதில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு பேர் பேசினால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார், மற்றவர் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்பது பெட்டியைச் செய்தவர்களின் எண்ணம். வாயை மூடிக்கொண்டிருப்பவர் பக்கத்திலிருந்து எதற்கு அனுப்ப வேண்டும்? அனுப்பாவிட்டால் பாதி இடம் மிச்சம். ஆனால் ஒன்றுமே கேட்காவிட்டால் லைன் செத்துவிட்டது என்று மனிதர்கள் வைத்துவிடுவார்கள். அதற்காக மெல்லிய ‘ஸ்’ ஓசை ஒன்றைப் பெட்டியே உண்டாக்கிக் காதில் ஊற்றும். கடல் சங்கைக் காதில் வைத்தது போல இருக்கும். பெட்டி வரும்போதே இந்த வசதி இயக்கத்தில்தான் வருகிறது. அப்படியே விடுங்கள் என்று கையேடும் சொல்கிறது.

பெட்டி வைத்துச் சில வாரங்களில் அண்ணா என்னை அழைத்தார். வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்களாம். லைனைப் பற்றி அல்ல, அக்காவைப் பற்றி. சுவரோடு கதைக்கிற மாதிரி இருக்கிறது, மனுசி காதே கொடுப்பதில்லை என்கிறார்களாம். ஒரு பிறந்தநாள் வீட்டுக்காரர், கேட்டாரோ இல்லையோ என்ற சந்தேகத்தில் மட்டன் ரோல்ஸை இரண்டாம் தடவை சொல்ல, அக்கா அதையும் சேர்த்து எழுதிவிட்டார். அந்த வீட்டில் அடுத்த வாரமும் ரோல்ஸ்தான் சாப்பிட்டார்களாம். இதை எல்லாம் அடுக்கிவிட்டு அண்ணா முடிவாகச் சொன்னார்:

“தங்கச்சி, லைன் பிழையெண்டா பிழையெண்டு சொல்லுங்கோ. லைன் சரியெண்டா ஆள்தான் பிழை. நான் மெஷினைப் போட்டிட்டு, அவவைச் சாப்பாட்டுப் பெட்டி மடிக்கிற மேசைக்கு விடுறன்.”

மெஷின் என்றால், ரோல்ஸுக்கு ஒன்றை அழுத்தவும், வடைக்கு இரண்டை அழுத்தவும் என்று சொல்லும் தானியங்கிக் குரல். ஆக, அக்காவின் நாற்காலி என் ஒரு வார்த்தையில் நின்றது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். என்னிடமா இதைக் கேட்பது?

திரையில் பார்த்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் பெட்டி தானாகவே மதிப்பெண் போடும். எல்லாம் பச்சை, எல்லாம் நல்ல மதிப்பெண். துண்டுகள் தொலையவில்லை, தாமதம் இல்லை, எதிரொலி இல்லை. போதாக்குறைக்கு, யார் எவ்வளவு பேசினார்கள் என்று ஒரு வரைபடம். வாடிக்கையாளர் பக்கம் மலை மலையாக எழும்பியிருக்க, அக்காவின் பக்கம் தரிசாகக் கிடந்தது. அண்ணா சொல்வதற்குச் சாட்சி போல இருந்தது அது.

சரி, அக்காவிடமே பேசிப் பார்க்கலாம் என்று ஆர்டர் எண்ணுக்கு அழைத்தேன். விசாரணை மாதிரி தோன்றக் கூடாதே என்று மகளின் சாப்பாட்டுப் பிரச்சினையில் தொடங்கினேன். வாழைப்பழம், துப்பிய இட்லி, குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் ஹெல்த் விசிட்டர் சொன்னது, அம்மா வீடியோவில் சொன்னது என்று போய்க்கொண்டே இருந்தேன். மறுமுனையில் அந்த ‘ஸ்’ மட்டும்.

“அக்கா, இருக்கீங்களா?”

“இருக்கிறன், சொல்லுங்கோ.”

சொன்னேன். மறுபடியும் ‘ஸ்’. மறுபடியும் கேட்டேன், இருக்கிறேன் என்றார். வேலை நேரத்தில் ஒருவரைப் பிடித்து வைத்து என் வீட்டு இட்லிக் கதையைச் சொல்கிறேனே, அவருக்கு அலுக்காதா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. சட்டென்று முடித்துக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் சொல்வது உண்மைதான் போலிருக்கிறது என்று மனதில் பட்டது. லைனில் குறை இல்லை என்று அண்ணாவுக்குப் பதிலும் தட்டிவிட்டேன். அனுப்பவில்லை. ஒருவேளை, ஒருவேளை என்று விரல் நின்றுவிட்டது. அன்றைக்கு மாலை கணவரிடம் இதைப் பற்றிப் புலம்பினேன். அவர் லேப்டாப்பைப் பார்த்தபடி “ம்” என்றார். “பாப்பா உங்க பாஸ்போர்ட்டைத் தின்னுட்டா” என்றேன். அதற்கும் “ம்” என்றார்.

மறுநாள் மகளைத் தள்ளுவண்டியில் வைத்து நேரிலேயே போய்விட்டேன். ஒரு ஸ்டேஷன் தூரம்தான்.

சமையல்கூடத்தின் புகை உறிஞ்சும் விசிறி பெரிய லாரி போல இரைந்துகொண்டிருந்தது. அக்கா ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஆர்டர் எழுதுகிறார், இன்னொரு கையால் சோமாசி போன்ற பற்றிஸை அடுக்குகிறார். ரிசீவரின் வாய்ப்பகுதி சரிந்து கழுத்துப் பக்கம் போய்விட்டது. வைத்துவிட்டு என்னிடம் வந்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

“நான் கதைக்கிறேல்லையாம். சனம் சொல்லேக்க குறுக்க கதைக்கலாமோ பிள்ளை?”

விட்ட இடத்திலிருந்து இட்லிக் கதையைத் தொடர்ந்தேன். அக்கா என் மகளைப் பார்த்தபடியே கேட்டார். ம். ம்ம். ம்? ம். வாய் திறக்கவே இல்லை. ஆனால் என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ம்’ இருந்தது. ஹெல்த் விசிட்டர் சொன்னதற்குக் கொஞ்சம் நீளமான ‘ம்’. என் அம்மா சொன்னதற்குத் தலையாட்டலோடு ஒன்று. சிறிது நேரத்தில் தள்ளுவண்டியிலிருந்தும் ஒரு ‘ம்’ வந்தது. மகள் அக்காவின் வாயையே பார்த்து அதைப் பழகிக்கொண்டுவிட்டாள்.

நேற்று இந்த ‘ம்’ எல்லாம் எங்கே போயிற்று?

“அக்கா, போனை எடுத்து எப்பவும்போல கேளுங்க, நான் வெளியில இருந்து பேசுறேன்” என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியோடு நடைபாதைக்குப் போனேன். கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஆர்டர் எண்ணை அழைத்தேன். ஒரு கற்பனை வளைகாப்புக்கு ஆர்டர் கொடுத்தேன். சர்க்கரைப் பொங்கல், வடை, புளிச்சாதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் தலை ஒவ்வொன்றுக்கும் அசைகிறது. தொண்டைகூட அசைவது தெரிகிறது. என் காதில் ‘ஸ்’ தவிர ஒன்றுமில்லை.

விசிறியின் இரைச்சலைப் பெட்டி அந்தக் கடையின் அமைதி என்று எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கேட்பதெல்லாம் அதன் கணக்கில் யாரும் பேசாத நேரம். கழுத்துப் பக்கத்திலிருந்து எழும் அக்காவின் ‘ம்’மை அள்ளி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன்னுடைய ‘ஸ்’ஸை ஊற்றிக்கொண்டிருந்தது. லைன் உயிரோடு இருக்கிறது, அந்தப் பக்கம் மனுஷி மட்டும் இல்லை. யாருக்குத்தான் கோபம் வராது? வரைபடத்தில் அக்காவின் பக்கம் தரிசாகக் கிடந்ததும் இதே பெட்டியின் கைவேலைதான்.

உள்ளே வந்து, கவுண்டரில் லேப்டாப்பை வைத்து அந்த வசதியை அணைத்தேன். அணைத்தால் லைன் நெருக்கடியாகும். அதற்காகக் குரல் துண்டுகளுக்கு முதல் வழி, கேமராப் படங்களுக்கு அப்புறம் என்று வரிசையையும் மாற்றினேன். மறுபடி நடைபாதைக்குப் போய் அழைத்தேன். புளிச்சாதம் என்றேன்.

“ம்.”

சாதாரண ‘ம்’தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாலேயே விசிறிச் சத்தம். அதற்கும் பின்னால் சமையல்கூடத்திலிருந்து அண்ணாவின் குரல் தெளிவாக வந்தது.

“இந்தப் பிள்ளை என்னத்துக்குக் குழந்தையையும் கொண்டு வெளியில நிண்டு கூத்தாடுது? படிச்ச பிள்ளையெல்லோ.”

அண்ணாவிடம் விளக்கினேன். லைன் சரி, ஆளும் சரி, ‘ம்’ என்றால் பேச்சு என்று பெட்டிக்குத்தான் தெரியவில்லை என்றேன். “அப்ப உந்தப் பெட்டிக்குத்தான் மரியாதை தெரியாது” என்றார். தானியங்கிக் குரலைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. அக்கா எனக்கு ஒரு பை நிறையப் பற்றிஸ் கட்டிக் கொடுத்தார். குறைகள் நின்றன. ரோல்ஸ் இரட்டிக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேரனின் பிறந்தநாளுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். வடை விலையைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா அண்ணாவைத் திரும்பிப் பார்க்க, அண்ணா அடுப்படியிலிருந்தே பதில் சொல்லியிருக்கிறார்:

“உந்த மனுசன் வடையின்ர ஓட்டைக்கும் கழிவு கேக்கும்.”

பெட்டி இப்போது எதையும் தடுப்பதில்லை. முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆசிரியர் அன்று மாலையே கடைக்கு வந்தார். ஒரு வடை வாங்கி நிதானமாகச் சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டு, “தம்பி, ஓட்டைக்கு எவ்வளவு கழிக்கிறியள்?” என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரிக்க, அண்ணாவும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஆர்டர் தப்பியது. ஆனால் திங்கட்கிழமை காலை எனக்கு அழைப்பு வந்தது. அந்த வசதியைத் திரும்பப் போட வேண்டுமாம். இல்லையென்றால் தீபாவளி ஆர்டர்கள் தொடங்கும்போது மெஷின்தானாம்.

அக்கா ரிசீவரை வாங்கிக் கேட்டார்: “பெட்டியில அண்ணையின்ர வாயை மட்டும் குறைக்க ஏலாதோ பிள்ளை?”

அதுதான் முடியவில்லை. பெட்டியில் நான் மாற்றக்கூடியது ஒரே ஒரு அளவுதான். இந்தச் சத்தத்துக்கு மேல் என்றால் விடு, கீழ் என்றால் விடாதே. அண்ணாவின் குரலைத் தடுக்கும் அளவு எதுவானாலும், அது முதலில் அக்காவின் ‘ம்’மைத்தான் தடுக்கும். தலையில் மாட்டும் மைக் வாங்கிக் கொடுத்தேன். அக்காவின் கொண்டையில் அது நிற்கவில்லை, இப்போது கழுத்தில் மாலை போலத் தொங்குகிறது. மேசையை வேறு அறைக்கு மாற்றலாம் என்றால், பின்னால் இருப்பது குளிர் அறை மட்டும்தான். மெதுவாகப் பேசுங்கள் என்று அண்ணாவிடம் நானே கேட்டுக்கொண்டேன். காலைத் தேநீர்வரை தாங்குகிறது.

வீட்டிலும் இதே சங்கடம்தான். மகள் பகலில் தூங்கும் அறையில் அவள் சத்தம் கேட்பதற்காக வைத்திருக்கும் மானிட்டரும் சத்தம் வந்தால் மட்டும் பேசும் வகை. கடையில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அதன் அமைதிமேல் நம்பிக்கை போய்விட்டது. எப்போதும் திறந்திருக்கும்படி மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின், தெருவில் பஸ், மகளின் மூச்சு எல்லாம் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கிறோம். கணவர் வீட்டிலிருந்து பேசிய மீட்டிங்கில் ஒருநாள் மகளின் ‘ம்’ மானிட்டர் வழியாகப் போய், அவருடைய மேலாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாராம். நான் செய்தது சரியா என்று இன்னமும் தெரியவில்லை.

தீபாவளி வந்துகொண்டிருக்கிறது. கடை நடத்துகிறவர்கள், தொலைபேசி வேலை தெரிந்தவர்கள், சத்தமான குடும்பத்தில் மெதுவாகப் பேசி வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஓங்கிப் பேசுகிறவரை நிறுத்திவிட்டு, முனகுகிறவரை மட்டும் உள்ளே விட வழி இருக்கிறதா? பெட்டிக்குச் செய்யக்கூடியதானாலும் சரி, அண்ணாவுக்குச் செய்யக்கூடியதானாலும் சரி. அண்ணாவுக்குத்தான் என்றால், அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.