பொன்னுராஜை விழுத்தாட்டிய பால்கோவா

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையொன்றில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கும் பொன்னுராஜைத் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர் என்று சொன்னால், அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியே நம்பாது. மொத்தம் பதிமூன்று சண்டை. நாலு ஜெயம், ஒன்பது தோல்வி. "நாலுல ரெண்டு, எதிராளிக்குக் காய்ச்சல்" என்று அவரே சொல்லிவிடுவார். பட்டாளத்தில் குத்தக் கற்றுக்கொண்டு, முப்பத்து மூன்று வயதில் பென்ஷனோடு ராஜபாளையம் திரும்பியவரைச் சென்னை ஏஜெண்ட் ஒருவர் வெளிநாட்டுச் சண்டைகளுக்கு அனுப்பிவைத்தார். வளர்கிற பையன்கள் ஜெயித்துப் பழகத் தோற்கிற ஆள் ஒருவர் வேண்டுமல்லவா? அந்த வேலைக்கு அவர் கச்சிதமாகப் பொருந்தினார்.

அப்படித்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒசாகா போனார். எதிராளி கென்ஜி இசோமுரா. இருபது வயது. பகலில் லாரியில் சாமான் ஏற்றும் வேலை, சாயங்காலம் பயிற்சி. அவனுக்கு அது இரண்டாவது சண்டை.

கிளம்பும்போது மனைவி செல்லக்கனி அரைக்கிலோ பால்கோவாவைப் பையில் வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அண்ணன் பாண்டிதுரை நடத்தும் கடையில் கிண்டியது.

"ஏட்டி, எதுக்கு இது?"

"அந்தப் பையனுக்குத்தான். அம்புட்டுத் தூரம் போறீய, வெறுங்கையோடயா போவாக?"

"நான் அவன அடிக்கப் போறேன்."

"அடிங்க. குடுத்துட்டு அடிங்க."

கொடுக்கவில்லை. எடை ஐம்பத்திரண்டு கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்று மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எச்சிலைத் துப்பிக்கொண்டு கிடந்தவர், எடை பார்த்து முடிந்ததும் ஓட்டல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு விரல் ருசி பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தார். பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டும்போதுதான் அது எதிராளிக்குக் கொண்டுவந்த சீர் என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் இரண்டாவது சுற்று. இசோமுராவின் இடது கை அவருடைய வலது விலாவுக்குக் கீழே, ஈரல் மேல் இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. 'இம்புட்டுத்தானா' என்று நினைத்து ஒரு மூச்சு விட்டார். அடுத்த மூச்சு வரவில்லை. கால் இரண்டும் தாமாக மடங்கின. மண்டை தெளிவாக இருக்கிறது, நடுவர் பத்து எண்ணுவது காதில் விழுகிறது, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை.

ஊர் திரும்பியதும் செல்லக்கனி, "என்ன ஆச்சு?" என்றாள். இருபது வயதுப் பையன் ஒரே குத்தில் மண்டிபோட வைத்தான் என்று பட்டாளத்துக்காரர் எந்த வாயால் சொல்வார்?

"பால்கோவாவைத் தின்னுட்டேன். செரிக்கல."

அவர் ஆயுளில் அடித்த பலமான அடி அந்தப் பொய் ஒன்றுதான். விழுந்தது அவர் மேலேயே. பாண்டிதுரை அதைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். "ஜப்பான்ல எங்க மாப்பிள்ளைய விழுத்தாட்டுன பால்கோவா சாமி. கால்கிலோவுக்கு மேல ஒத்த ஆளாத் திங்காதீய." மதுரை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சிரித்துக்கொண்டே அரைக்கிலோ வாங்கினார்கள். பொன்னுராஜும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கெடுத்தவன் இசோமுரா. பாவிப் பயல் ஜெயித்துக்கொண்டே போனான். அவனுடைய சண்டைப் பட்டியலை மாதம் ஒருமுறை பொன்னுராஜ் போனில் திறந்து பார்ப்பார். கடைசிக்கு முந்தின வரியில் அவர் பெயர். மேலே புதுப் பெயர்கள் சேரச் சேர, விரலால் தள்ளித் தள்ளித்தான் தன்னைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இருபதாவது வெற்றிக்குப் பிறகு மச்சானிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"நெசமாச் சொல்லுதேன் மச்சான், அன்னைக்கு அவன் குத்துதான்."

பாண்டிதுரை கிண்டுவதை நிறுத்தவில்லை. "சரி மாப்ள, அப்படியே சொல்லிருவோம்" என்றவர், வாங்க வந்தவர் பக்கம் திரும்பினார். "தின்னது இவரு. பழி அந்தப் பயலுக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை இசோமுராவுக்கு உலகப் பட்டத்துக்கான சண்டை. சாம்பியன் மெக்சிகோக்காரன், இதுவரை யாரும் விழுத்தாட்டாதவன். இசோமுரா ஜெயித்தால் உலக சாம்பியனிடம் அடி வாங்கியவர் என்று பொன்னுராஜ் தலைநிமிர்ந்து நடக்கலாம். தோற்றால் சாகும்வரை பால்கோவாதான். காலையில் ஆண்டாள் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றார்.

"பேரு?" என்றார் பட்டர்.

"கென்ஜி."

"நட்சத்திரம்?"

முழித்துவிட்டுத் தன்னுடைய பூரட்டாதியைக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் உறைத்தது. ஒன்பது தோல்வியும் அந்த நட்சத்திரத்தின் லட்சணம்தானே?

சாயங்காலம் நாலு மணிக்குக் கடையில், பால்கோவாப் பெட்டிமேல் சாய்த்துவைத்த போனில் சண்டை ஓடியது. செல்லக்கனியும் வந்திருந்தாள். முதல் ஐந்து சுற்றிலும் இசோமுரா வாங்கிக்கொண்டேதான் இருந்தான். புருவம் கிழிந்து ரத்தம்.

"ஒம்ம ஆளு வீட்டுக்குக் கெளம்பிட்டான் போலயே" என்றார் பாண்டிதுரை.

பொன்னுராஜின் வலது முழங்கை தன்பாட்டில் விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆறாவது சுற்றில் இசோமுராவின் இடது கை கீழே போய்த் திரும்பியது. கடையில் யார் கண்ணுக்கும் எதுவும் படவில்லை. மெக்சிகோக்காரன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"விழுந்தான்" என்றார் பொன்னுராஜ்.

"எங்க—" என்று பாண்டிதுரை கேட்டு முடிப்பதற்குள் மெக்சிகோக்காரனின் கால்கள் மடங்கின. ஒரு கை விலாவைப் பிடித்திருந்தது. கண் தெளிவாகத்தான் இருந்தது. நடுவர் பத்து எண்ணுவதை மண்டிபோட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

தராசில் பால்கோவா வைத்துக்கொண்டிருந்த பாண்டிதுரையின் கை அப்படியே நின்றது. செல்லக்கனி போனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

"இப்படித்தான் அடிச்சானா ஒங்கள?"

"இப்படித்தான்."

"வலிச்சுதா?"

"மூச்சே வரல ஏட்டி."

அவள் கை அவர் விலாப்பக்கம் போய், கடை என்பது நினைவு வந்து திரும்பியது.

பாண்டிதுரை தொண்டையைச் செருமினார். "அப்போ மாப்ள... அந்த மெக்சிகோக்காரனும் நம்ம பால்கோவா தின்னுருப்பானோ?"

கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக, விலா நோகச் சிரித்தவர் பொன்னுராஜ்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அரைக்கிலோ கட்டுங்க மச்சான். அந்தப் பையனுக்குச் சேர வேண்டியது இன்னும் சேரல."

பொட்டலத்தைச் செல்லக்கனி எட்டி வாங்கினாள். "கூரியர்ல நான் போட்டுக்கிடுதேன். ஒங்க கையில குடுத்தா ராஜபாளையம் தாண்டாது."