வாடாத கொழுந்து

முப்பது வருஷமாகக் கணேசமூர்த்திக்குக் கொழுந்து வாட்டுவதுதான் வேலை. தேயிலை அரைக்கும் ஸ்டோரின் மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியில் காற்று விட்டு, காலையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார். உருண்டையாக நின்றால் வாடிவிட்டது. விரிந்துகொண்டால் வாடவில்லை, அன்றைக்கு அவருக்குத் திட்டு நிச்சயம்.

காற்றோடு இத்தனை காலம் குப்பை கொட்டிய மனுஷன், ஹட்டனில் வாடகைக்கு எடுத்த தன் வீட்டுக்குள் அது எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் முழித்தார். தை மாதக் குளிர் வேறு. மகள் தனுஜாவுக்குத் தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று மனைவி லெட்சுமி ஒற்றைக் காலில் நின்றார். நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் மாப்பிள்ளையின் அம்மா வேலாயியோ, அந்தக் குளிர் வீட்டில் பச்சைப் பிள்ளையை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்த பிறகுதான் முடிவாம்.

வீட்டுக்காரர் சுவரில் ஆணிகூட அடிக்க விடாதவர். அதனால் கணேசமூர்த்தி தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். வேலியோரம் தானாக வளர்ந்து நின்ற தேயிலைச் செடியில் கொழுந்து கிள்ளி, சாயங்காலமே கதவடியிலும் ஜன்னலோரத்திலும் சுவர் மூலைகளிலும் கைப்பிடி கைப்பிடியாக வைத்தார். வீட்டையும் ஸ்டோராக்கிவிட்டார் என்று லெட்சுமி சிரித்தார். காலையில் எந்தப் பிடி நன்றாக வாடியிருந்ததோ, அங்கே சந்து. இப்படி ஐந்து இடம் அகப்பட்டது. ஐந்தையும் பேப்பரும் கோதுமை மாப் பசையும் வைத்து அடைத்துவிட்டு மனுஷன் நிமிர்ந்து நடந்தார்.

ஞாயிறு வேலாயி வந்தார். வீடு முழுக்கச் சுற்றியும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. முருகன் படம் வைத்த சாமி தட்டுப் பலகையில் விளக்கேற்றினார். அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. இந்த விளக்கு நிற்பதேயில்லை என்று ஒரு வருஷமாகச் சொன்னவர் லெட்சுமி. எண்ணெய் சரியில்லை என்று ஒரு வருஷமாகப் பதில் சொன்னவர் கணேசமூர்த்தி. சாமி தட்டில் மட்டும் அவர் கொழுந்து வைக்கவில்லை.

"வெளக்கே நிக்காத வீட்டுல புள்ள எப்புடிண்ணே படுக்கும்?" என்றார் வேலாயி.

கணேசமூர்த்திக்கு மானம் போயிற்று. முருகன் படத்தை நகர்த்தினார். பின்னால் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, முன்பு குடியிருந்தவர்கள் டிவி வயர் இழுக்கப் போட்டது. லெட்சுமி எண்ணெய்ப் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பழந்துணியைத் திணித்துப் பசை தடவியதும் விளக்கு அசையாமல் நின்றது.

வேலாயிக்கு அது போதவில்லை. "கொழுந்து வச்சுப் பாத்தீங்களாமே. இப்ப வைங்க. இருந்து பாத்துட்டே போறேன்."

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் எழுந்தவர் வேலாயிதான். கொழுந்து பறித்தே காய்த்துப்போன கை அது. ராத்திரி சாமி தட்டில் வைத்த கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்தார். கணேசமூர்த்தி எட்டிப் பார்த்தார். கையைத் திறந்ததும் கொழுந்து பச்சைப்பசேலென்று விரிந்துகொண்டது.

"வாடல," என்றார் வேலாயி. "வர்ற வெள்ளிக்கெழம மருமகள நானே கூட்டியாறேன்."

வாடாத கொழுந்தைக் கண்டு கணேசமூர்த்தி சந்தோஷப்பட்டது அவர் ஆயுசில் அன்றைக்குத்தான்.