பர்மிட் முடிந்த டிரம்

எழுபதுகளின் கடைசியில் நான் ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் சூப்பர்வைசராக இருந்தேன். ராணிப்பேட்டையில் ஒரு புது டிரம் வாங்கினோம். தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுழற்றுகிற பெரிய மரப் பீப்பாய் அது. லாரியில் ஏற்றினால் இரண்டு பக்கமும் பிதுங்கியது. அதனால் சிறப்பு பர்மிட் எடுத்தோம்: ஒரே நாள், பகலில் மட்டும், பின்னால் சிவப்புக் கொடி.

கொடி பிரமாதமாகப் பறந்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் டயர்தான் வெடித்தது. மாற்றிக்கொண்டு ஆம்பூர் எல்லையைத் தொடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் கை காட்டி நிறுத்தினார்.

"பர்மிட் முடிஞ்சிடுச்சு. வண்டி இங்கேர்ந்து நகரக் கூடாது."

கை நீட்டாத மனிதர் என்று ஊரே அவரைப் புகழும். அன்றைக்கு அந்தப் புகழ்ச்சியில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்து வேலூர் ஆபீஸுக்குப் போனேன்.

"வண்டிய இங்க கொண்டாங்க. அளந்து பாத்துட்டு புது பர்மிட் தர்றோம்" என்றார் கிளார்க்.

"பர்மிட் இல்லாம வண்டி எப்டி சார் வரும்?"

"வரக் கூடாது. அது கரெக்ட்தான்" என்றார் பரிவோடு.

திரும்பி வந்தபோது டிரைவர் லாரிக்கடியில் படுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் எனக்காகக் காத்திருந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன். வண்டி மேல ஏத்தின சுமைக்குத்தான் சட்டம். தரையில உருண்டா அது சுமையே இல்ல. இறக்கி உருட்டிக்குங்க."

டிரைவர் லாரிக்கடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சார், நெஜமாவா?" என்றார்.

நெஜந்தான். ஆலையிலிருந்து ஆட்களும் கயிறும் வந்தன. தேசிய நெடுஞ்சாலையில் டிரம் உருண்டது. லாரியில் வந்திருந்தால் அடைத்திருக்கும் இடத்தைப்போல் இரண்டு பங்கு ரோட்டை அடைத்தது. பின்னால் பெங்களூர் பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. இன்ஸ்பெக்டர் விசில் ஊதிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு சரிவில் கயிறு நழுவி, டிரம் டீக்கடைப் பக்கம் கிளம்பியது. உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸோடு ஓட, பெஞ்சு மட்டும் நொறுங்கியது. "ஓரமா, ஓரமா!" என்று டிரம்மைக் கண்டித்தார் இன்ஸ்பெக்டர்.

ஆலை வாசலில், டிரம்முக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்த காலி லாரியை அவர் டேப் வைத்து அளந்தார். அகலம் சரியாக இருந்தது. "இப்ப நீங்க தாராளமா போலாம்" என்று டிரைவரிடம் சொன்னார்.

டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவ்ளோ சுளுவா வருதுன்னா, ராணிப்பேட்டையிலேர்ந்தே உருட்டினு வந்திருக்கலாமேப்பா?"

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.