வலைக்கம்பும் என் வயிற்றெரிச்சலும்

போன சனிக்கிழமை கொட்டகலை ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் வேகமாக நடந்துவந்து என் முன்னால் நின்றாள்.

"மாஸ்டர், என்னையத் தெரியுதுங்களா? லெச்சுமிங்க."

தெரியாமல் என்ன? என்னிடம் ஐந்து வருடம் படித்த பிள்ளை. சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன்... அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கிரேஸ் டீச்சர் இப்ப எங்க இருக்காங்க? நல்லாருக்காங்களா?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! ஐந்து வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன் எதிரில் குத்துக்கல்லாக நிற்கிறேன். அவள் விசாரிப்பதோ, ஒன்றரை வருடம் மட்டும் இருந்துவிட்டுப் போன டீச்சரை. நெஞ்சுக்குள் சுருக்கென்றது. பத்து வருடம் ஆகிவிட்டது. இந்தச் சுருக்குக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

மற்றவர்களுடைய குறைகளை இந்தப் பக்கத்தில் நிறையவே எழுதிவிட்டேன். இந்த வாரம் என்னுடையது ஒன்று.

அப்போது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வேலை பார்த்தேன். முப்பது வயது. பாடம் முடிந்ததும் பையன்களுக்குக் கரப்பந்து, அதுதான் வாலிபால், பழக்குவேன். தோட்டத்தில் சமதரை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் — காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களம். மீதியெல்லாம் மலை. மாலையானால் அந்தக் களம் என் ராஜ்ஜியம். இரண்டு கம்பு, ஒரு வலை, பன்னிரண்டு பையன்கள்... ராஜா நான்.

அங்கேதான் வந்து சேர்ந்தார் கிரேஸ் டீச்சர். இருபத்திரண்டு வயதிருக்கும். கண்டியில் வெள்ளைக்காரப் பெண்மணி நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர். தோட்ட மானேஜரான பெரிய துரையின் சம்சாரத்தோடு இங்கிலீஷில் பேசி, வந்த மாதமே ஒரு சாக்கு நிறைய எதையோ வாங்கிவந்துவிட்டார். அவிழ்த்தால், பதினான்கு கம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் தோல்வாரில் பின்னிய சின்ன வலை.

"லாக்ரோஸ்" என்றார் டீச்சர். பந்தை வலையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், வலையாலேயே எறிந்து கொடுக்க வேண்டும், எதிர்ப்பக்கத்துக் கோலுக்குள் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பேர் நாக்கில் புரளவில்லை. 'வலைக்கம்பு' என்று வைத்துக்கொண்டார்கள்.

"பையன், பொண்ணு எல்லாருக்கும் ஒரே கிளப்" என்று டீச்சர் அறிவித்தபோது நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஓடினால் பந்து வலையிலிருந்து விழுந்துவிடுகிறது. என் பையன்கள் இரண்டு பேர் முயன்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார்: "தொட்டில் ஆட்டுற மாதிரி கம்பை ஆட்டிக்கிட்டே ஓடுங்க. பந்து தூங்கிடும்."

தீர்ந்தது! லயத்து வரிசைவீட்டுப் பெண் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டச் சொல்லித்தர வேண்டுமா? தம்பி தங்கைகளை ஆட்டி ஆட்டியே வளர்ந்த கைகள். அதிலும் லெச்சுமி — பதின்மூன்று வயது, குச்சிக் கால் — களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடினாலும் பந்து அசையாது. இதைப் பார்த்த என் பையன்கள் ரோஷத்தோடு மறுபடியும் அங்கே போனார்கள். ஒரு மாதத்தில் கரப்பந்துக்கு மிஞ்சியது நான்கு பேர். நான்கு பேரை வைத்துக்கொண்டு என்ன கரப்பந்து? சீட்டுத்தான் ஆடலாம்.

இதில் பெரிய துரையே ஒருநாள் ஜீப்பை நிறுத்தி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு வருடமாக என் கரப்பந்துக்கு ஜீப் வேகம்கூடக் குறைந்ததில்லை!

அன்றைக்குத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

லெச்சுமியின் அப்பா பெருமாள் கங்காணி, ஆட்களை மேய்க்கிறவர். கோயில் வாசலில் அகப்பட்டார். அக்கறைப்படுகிறவன் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "வயசுக்கு வரப்போற பொண்ணு. பையங்களோட முட்டி மோதி ஓடுது. நான் ஒண்ணும் சொல்லலைங்க... ஊரு பேசுது."

ஊர் பேசவில்லை. ஊர் கைதட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் லெச்சுமி களத்துக்கு வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு இனித்தது. அடுத்த நாள் பாடசாலைக்கும் வரவில்லை. நான்காம் நாள் காலை, மூடுபனிக்குள் கொழுந்து எடுக்கப் போகும் வரிசையைப் பார்த்தேன். கடைசியில் முதுகில் கூடையோடு லெச்சுமி. விளையாட்டை மட்டும் நிறுத்தினால் போதாது என்று படிப்பையும் நிறுத்தி, அப்பா அவளுக்குத் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்துவிட்டார்.

வகுப்பில் கணக்கில் முதல் பிள்ளை அவள். நான் சொன்ன ஒரு பொய், கூடையாக அவள் முதுகில் ஏறிவிட்டது.

அன்று பாடம் முடிந்ததும் கிரேஸ் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க களத்த உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக்கிட்டேன். அது என் தப்பு, மாஸ்டர்" என்றார். "ஆனா லெச்சுமி என்ன தப்பு பண்ணுனா?"

திட்டியிருக்கலாம்.

இரண்டு பேருமாக லயத்துக்குப் போனோம். பெருமாள் கங்காணி வாசலில் நின்றார். அக்கம்பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அனுப்பாதன்னு சொன்னதும் நீங்கதான். இப்ப அனுப்புன்னு வந்து நிக்கிறதும் நீங்கதான்" என்றார் கங்காணி. "என்னைய என்னன்னு நெனச்சீங்க மாஸ்டர்?"

"நான் சொன்னது பொய்ங்க. ஊரு ஒண்ணும் பேசல."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

எத்தனை காதுகள்! "பொறாமைங்க. டீச்சர் மேல."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. லெச்சுமியின் அம்மா மாரியாயி, கொழுந்துக்கறை படிந்த கையோடு வெளியே வந்தாள்.

"ஏன் மாஸ்டர், படிச்சவங்களுக்கும் பொறாம வருமா? எங்களுக்குத்தான் வரும்னு இருந்தேன்!" என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள். அப்போது சிரிப்பில்லை. "நா பத்து வயசுல கூடைய மாட்டுனேன். கொழுந்து எங்கயும் ஓடிப்போகாது, அது இருக்கும். புள்ள பேர நாளைக்கே வெட்டிட்டு வாங்க."

"நாலு பேருக்கு முன்னால சொன்ன பேச்ச மாத்துனா..." என்று இழுத்தார் கங்காணி.

"மாஸ்டரு ஊருக்கு முன்னால சொல்லல? ஒங்களுக்கு என்ன?"

மறுநாள் பேர் வெட்டப்பட்டது. திங்கட்கிழமை லெச்சுமி வகுப்பில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கணக்குப் போட்டாள், எல்லாம் சரி.

நான் திருந்திவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? பொறாமை அப்படிச் சொல்லிக்கொண்டு போகிற விருந்தாளி இல்லை.

அடுத்த மாதம் கிளப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பெரிய ஆட்டம் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் வந்து தேயிலை மலைச்சரிவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் என் கையில் ஒரு விசிலைத் திணித்து, "நீங்கதான் நடுவர். கோல் விழுந்தா ஊதுங்க, போதும்" என்றார்.

லெச்சுமி புகுந்தாள். பையன்கள் நான்கு பேரைத் தாண்டினாள், பந்து தொட்டிலில் தூங்கியது. எறிந்தாள். கோல்! ஊதினேன். மலையே எழுந்து நின்றது. "கிரேஸ் டீச்சருக்கு ஜே!" என்று பையன்கள் கத்தினார்கள். அதில் பன்னிரண்டு குரல் என் கரப்பந்துக் குரல், மிஞ்சியிருந்த நான்கும் சேர்த்து.

அடக்கமாட்டாமல் ஒரு நெடிய பெருமூச்சு விட்டேன்... விசில் இன்னும் வாயில் இருந்தது. இன்னொரு கோல் என்று எண்ணி, மறுபடியும் டீச்சருக்கே ஜே போட்டார்கள்!