அப்பாவின் கைக்கு நான் போட்ட மார்க்

ஃபேன் ஓடாத மதியத்திலும் பேப்பர் தானாகச் சலசலக்கும்... எங்கள் திருவானைக்காவல் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால், அப்பா பேப்பர் படிக்கிறார், மாத்திரை வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

(பத்தொன்பது வயதில் என்னடி மலரும் நினைவு என்பவர்கள் தாராளமாக ஸ்க்ரோல் பண்ணலாம்.)

ப்ளஸ் ஒன் முடிந்த லீவு அது. அப்பா அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடையும் வேலை பார்த்தவர். பார்க்கின்சன் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்ததும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி லேத் முன்னால் நிற்க முடியுமா? அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி.

டாக்டர் ஒரு நோட்டு போடச் சொன்னார். மணிக்கு ஒரு தடவை கையைப் பார்த்து மார்க் எழுத வேண்டும். நடுக்கம் இல்லையென்றால் பூஜ்யம், ரொம்ப என்றால் மூன்று. அதை வைத்துத்தான் மாத்திரையை மாற்றுவார். வேலை என் தலையில் விழுந்தது.

நானோ ஃபிசிக்ஸ் ரெக்கார்டில் விடையை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கை அப்புறம் சமைக்கிற ஆள். ஞாயிறு சாயங்காலம் ஒரே மூச்சில் வாரம் முழுவதற்கும் மார்க் போட்டேன். மதியம் ஜோர், சாயங்காலம் சுமார்... சந்தேகம் வராமலிருக்க நடுவில் பேனாவைக்கூட மாற்றினேன். தொழில் சுத்தம்!

டாக்டர் நம்பிவிட்டார். சாயங்கால மாத்திரையைக் கூட்டினார். அதற்கப்புறம் அப்பாவுக்கு இரவு சாப்பாடே தங்கவில்லை. வாந்தி.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

அந்த வாரம்தான் பெரியம்மா மகள் வைதேகி அக்கா பெங்களூரிலிருந்து வந்தாள். மூளை செல்கள் கெமிக்கல் மூலம் எப்படிப் பேசிக்கொள்கின்றன, அந்தப் பேச்சைச் சரிசெய்ய மருந்து உண்டா என்று ஆராய்ச்சி பண்ணுகிறவள்.

"சித்தப்பாவுக்கு டோபமைன் கம்மியாயிடுச்சு. கைக்குச் சேதி சரியாப் போய்ச் சேரல."

"அதென்னக்கா டோபா மைனா? விக் வச்ச மைனாவா?"

சிரித்துக்கொண்டேதான் நோட்டைப் புரட்டினாள். சிரிப்பு நின்றது.

"புதன்கிழமை மூணு மணிக்கு ஜீரோ போட்டிருக்க. அப்ப அவர் என்கூட வீடியோ கால்ல இருந்தாருடி. போனையே புடிக்க முடியல."

நோட்டைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"லேப்ல நான் தட்டுல வளக்கற செல்லுகூட இப்படிப் பொய் சொல்லாது."

அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

"பட்டறைல அளக்காம அளவு எழுதினா பீஸ்தான் வீணாகும்" என்றார். "இங்க நான்தான்மா பீஸு."

திட்டியிருக்கலாம்.

மறுநாளே டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். மாத்திரை பழைய அளவுக்கு வந்தது. அப்புறம் இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்து எழுதினேன். சாப்பிட்ட கையோடு மாத்திரை போடும் மதியமெல்லாம் மூன்று, மூன்று, மூன்று. ஒரே ஒரு நாள் மட்டும் ஒன்று. அன்றைக்கு ஏகாதசி. அம்மாவோடு சேர்ந்து அப்பாவும் வாழைப்பழத்தோடு விரதம்.

"பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள் அம்மா.

அக்கா நோட்டோடு எங்களை டாக்டரிடம் அழைத்துப் போனாள். திரும்பி வரும்போது விளக்கினாள். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரே வாசல்ல எல்லாரும் ஏறுவாங்கள்ல? பருப்பு, தயிர்ல இருக்கற புரோட்டீனும் இந்த மாத்திரையும் அப்படித்தான். புரோட்டீன் முண்டியடிச்சு ஏறிடும், மாத்திரை கீழயே நிக்கும், மூளைக்குப் போய்ச் சேராது."

"அப்ப பெருமாள் இல்லையாடி?"

"ஏகாதசிய வச்சது அவர்தானே சித்தி!"

டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனது. பருப்பும் தயிரும் ராத்திரிக்கு மாறின. நோய் போகவில்லை. ஆனால் மதியங்கள் திரும்பி வந்தன. லேத் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே பட்டறையில் இப்போது பீஸ்களை அளந்து பார்க்கும் வேலை, அரை நாள்.

இன்று அவர் மணிக்கட்டில் ஒரு வாட்ச் நடுக்கத்தைத் தானே எண்ணி ஹாஸ்டலில் இருக்கும் என் போனுக்குக் கோடு கோடாக அனுப்புகிறது. துல்லியம். பொய் சொல்லத் தெரியாது.

ஆனால் அந்த லீவில் மணிக்கு ஒரு தடவை நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன்... இப்போது வாரத்துக்கு ஒரு தடவை கோட்டைப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனபோது சும்மா அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, மார்க் போடறியா?"

"இல்லப்பா. பாக்கறேன், அவ்ளோதான்."