வாக்குச்சாவடியில் எழுந்து நின்றவர்

தண்டலம் கூட்டு ரோட்டு டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கும்போதுதான் சேதி வந்தது. "இன்னா சார், உங்க எதிரி பூட்டாராமே, தெரியாதா?" என்றார் கடைக்காரர். எனக்கு எதிரி என்று ஊரில் இருந்தது ஏகாம்பரம் ஒருவர்தான். டீயை அப்படியே வைத்துவிட்டு எங்கள் ஊரான பிள்ளைப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

ஏகாம்பரத்தை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். அவர் ஒரு கட்சி, நான் மறு கட்சி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் தேர்தலுக்குத் தேர்தல் ஒரே பெஞ்சில் ஏஜெண்டுகளாக உட்கார்ந்தவர்கள். முந்தின வாரம் மேடையில் என்னைக் கிழிகிழியென்று கிழித்த மனிதர், வாக்குப்பதிவன்று புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளுவார். "துன்னுப்பா. தோக்கப் போறவன் தெம்பா தோக்கணும்" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இறந்துபோனவர் பெயரில் யாராவது ஓட்டுப் போட வந்தால் நாங்களெல்லாம் உட்கார்ந்தபடியே ஆட்சேபிப்போம். ஏகாம்பரம் மட்டும் எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டில் நிற்பதைப் போல நின்று, "பூட்டாருங்க" என்பார். வந்தவன் அவர் கட்சியே அனுப்பிய ஆளாக இருந்தாலும் இதுதான். "செத்தவன் ஓட்டுல ஜெயிச்சவன் யாருக்குப் பதில் சொல்லுவான்?" என்று கேட்பார். அவர் கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

எழுபதுகளில் ஒரு தேர்தல். கடும் போட்டி. "இந்த வாட்டி வாயத் தொறந்த, கட்சியில இருக்க மாட்ட" என்று அவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர் மிரட்டியது என் காதிலேயே விழுந்தது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் ஏகாம்பரத்தின் மனைவி குப்பம்மாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். அப்போது இவர் வெளியூரில் கட்சி மாநாட்டில் இருந்தார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லை.

வாக்குப்பதிவன்று நடுப்பகல். வெளியே வெயில் கொளுத்தியது. அதிகாரி படித்தார்: "குப்பம்மாள். கணவர் பெயர் ஏகாம்பரம்."

வாசலிலிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. மை வைக்க இடது கையை நீட்டினாள். ஏகாம்பரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி ஏஜெண்டு நான். ஆட்சேபிக்க வேண்டியவனும் நான். நான் பட்டியலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் எழுந்தார். தோள் துண்டைக் கையில் எடுத்தார். "பூட்டாங்க" என்றார்.

அந்தப் பெண் விரலை மடக்கிக்கொண்டாள். சின்னக் குரலில், "அப்ப நான் போவட்டா?" என்று கேட்டாள்.

"போ" என்றார் ஏகாம்பரம்.

பெண்கள் வரிசையில் பிறகு விசாரித்தோம். முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் நடுவில் யாரும் இல்லை என்றார்கள். அவர் கட்சிக்காரர்கள், நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஆனாலும் தேர்தலில் தோற்றதும், வாயைத் திறந்த குற்றத்துக்காக அவரைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் சுயேச்சைகளுக்கு ஏஜெண்டாக வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒருநாள் ஏரிக்கரையில் வைத்துச் சொன்னார். "கஞ்சி கொட்டின தழும்பு கீது அந்த வெரல்ல. பாத்தியாப்பா?" நான் பார்த்தது வளையலை மட்டும்தான். "ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொல்லிக்கினு போவ முடியல. அதான் வந்து கேட்டுக்கினு போனா." கல்நெஞ்சக்காரர் என்று ஊர் சொன்ன அந்த மனிதர் அன்று என் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

அடுத்த தேர்தலுக்கான பட்டியல் அச்சாகிவிட்டது. அதில் ஏகாம்பரத்தின் பெயர் இருக்கிறது. யாராவது அந்தப் பெயரில் வந்து நின்றால் நான் எழுந்து, துண்டைக் கையில் எடுத்து, "பூட்டாருங்க" என்று சொல்வேன். அப்படி எழுந்து நிற்பது ஒன்றுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.

ஆனால் வெயிலுக்கு முதுகு காட்டி வாசலில் நிற்கும் அந்த ஆள், "அப்ப நான் போவட்டாப்பா?" என்று கேட்டால், "போ" என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.