பதினான்காம் விளக்கு அணையவில்லை

நம்பாதவர்கள் கிர்கிஸ்தானில் பிஷ்கெக்குக்கு வரலாம். எங்கள் ஒன்பது மாடிக் கட்டடம் அங்கேயே இருக்கிறது. பெர்மெத் அண்ணியும் இருக்கிறாள். என்னோடுதான் பேசுவதில்லை.

2008, பிப்ரவரி. கட்டடம் முழுக்க இணைய இணைப்பு கொடுத்தவன் நான். எல்லா வீட்டுக் கம்பிகளும் நிலவறையில் என் இணைப்புப் பெட்டிக்கு வந்து சேரும். வீட்டுக்கு ஒரு பச்சை விளக்கு.

மாலை ஏழு மணி. அண்ணி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“தம்பி, உங்க அண்ணன் கம்ப்யூட்டர்ல கூப்பிட்டிருக்காரு. முகம் அப்படியே நிக்குது, குரல் வெட்டி வெட்டி வருது. ஏதாவது பண்ணு!”

அண்ணன் அஸ்கத், சைபீரியச் சுரங்கத்தில் அடிபட்டு யாகூட்ஸ்க் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மறுநாள் ஆபரேஷன். பிழைப்பானா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஒருவேளை இதுவே கடைசிப் பேச்சாக இருக்கலாம்.

காரணம் எனக்குத் தெரியும். கட்டடமே டொரன்ட்டில் படம் இறக்கி, இணைப்பை அடைத்துக்கொண்டிருந்தது.

“நீங்க போய்ப் பேசுங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்.”

அந்தக் கோப்புப் பகிர்வின் வேகத்தை வீடு வீடாகக் குறைத்தேன். படிக்கட்டிலிருந்து பக்கத்து வீட்டு ஸ்லாவா கத்தினான்.

“டேய் மிர்லான்! என் படத்தோட கழுத்தை நெரிச்சிட்டியேடா!”

“ஒரு நாள் பாக்கலேன்னா செத்துட மாட்டே, போடா!”

எல்லா வீடும் அடங்கியது, பதினான்காம் எண்ணைத் தவிர. அது அண்ணியின் வீடு. ஏதோ ஒரு கோப்பு, மிகப் பெரியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அனுப்பும் இடம்... யாகூட்ஸ்க்.

7.20. மின்சாரம் போனது. அந்தக் குளிர்காலத்தில் தினமும் போகும்.

என் பெட்டி மட்டும் பேட்டரியில் ஓடியது. வீடுகளில் கணினிகள் அணைய, பச்சை விளக்குகளும் அணைந்தன.

ஒன்று அணையவில்லை.

பதினான்கு.

பெட்டியின் விசிறி வேகமெடுத்தது. ர்ர்ர்ர்...

வேகத்தைப் பூஜ்யமாக்கினேன்.

நிற்கவில்லை.

தொண்ணூற்றேழு சதவீதம்... தொண்ணூற்றெட்டு...

பதினான்காம் கம்பியைப் பிடுங்கினேன்.

மேலே, அண்ணியின் அலறல்!

ஓடினேன். வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம். செத்துக் கிடந்த கணினி. கறுத்த திரை.

“ஏன்டா நிறுத்தினே? கரண்ட் போன பிறகும் பேசிக்கிட்டேதான் இருந்தாரு! படியேறிட்டேன், கதவைத் தொறன்னு சொன்னாரு...”

படிக்கட்டில் யாரும் இல்லை.

எட்டு மணிக்கு என் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். அண்ணன் மதியமே இறந்துவிட்டான்.

“அப்போ ஏழு மணிக்கு எங்களைக் கூப்பிட்டது...?”



“அவருக்கு நேத்து ராத்திரியிலேருந்தே நினைவில்லையே. அவரோட லேப்டாப் எங்க அலமாரியில பூட்டிக் கிடக்கு.”